வீட்டுப் பூனையின் சிறுநீர்த் தொல்லை

இத்திங்கள் நாம் எழுதப் புகுந்த பொருள் நாலு பேர் கூடிய இடத்தில் வாய்விட்டுப் பேசத் தக்கதன்று. ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்களில் பூனை வளர்ப்போர் பெருகி வருகின்றனர். அவர்களுள் மூவர், தனித்தனியே, குரலைத் தாழ்த்திக்கொண்டு நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டனர். "உங்கள் பூனை கண்ட இடத்தை நனைத்துக்கொண்டிருந்ததே, அதை எப்படி நிறுத்தினீர்கள்?" நிறுத்திய கதை பெருமைக்கு உரியதன்று. அதில் நம் பிழையும் ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முந்தின ஆண்டு தை மாதத்து மாலை ஒன்றில், அலுவலகம் முடிந்து லேக் கார்டன்ஸ் நிலையத்தில் வண்டியைவிட்டு இறங்கினோம். நடைமேடையின் ஓரத்தில், தேநீர் விற்பவரின் அடுப்பருகே, உள்ளங்கையில் அடங்கத்தக்க குட்டி ஒன்று குளிரில் ஒடுங்கிக் கிடந்தது. பஜ்பஜ் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டிச் சென்றனர். நாமும் தாண்டித்தான் வந்தோம். பத்தடி நடந்தபின் மனம் கேளாமல் திரும்பினோம். நம் மகள் அதற்கு 'மினி' என்று பெயரிட்டாள். வங்காளத்தில் பாதிப் பூனைகளுக்கு அதுவே பெயர். மூன்று திங்கள் சென்ற பின்னரே மினி கடுவன் பூனை என்பது தெரிய வந்தது. பெயரை மாற்ற மகள் உடன்படவில்லை.

எட்டுத் திங்கள் வரையில் ஒரு குறையும் இல்லை. பின்னர் நவராத்திரி வந்தது.

இந்நகரில் அந்நாட்கள் எத்தகையவை என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியே துர்க்கா பூஜைப் பந்தல்களின் ஒளி. உள்ளே நம் வீட்டுக் கொலு. நம் அன்னையார் ஏழு படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, ஊரிலிருந்து பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்த பொம்மைகளை அடுக்கியிருந்தார். மூன்றாம் நாள் மாலை லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து பெண்டிர் சிலர் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் பாடத் தொடங்கிய வேளையில், மினி மெல்ல நடந்து வந்தது. கொலுவுக்கு முதுகைக் காட்டி நின்றது. வாலை நேராக நிமிர்த்தி, நுனி நடுங்க, வேட்டியின்மேல் பீச்சியது. பாட்டு நின்றது. வந்தவர்கள் பண்புடையவர்கள், காணாதவர்போல் இருந்து, சுண்டல் நன்றாக இருக்கிறது என்றனர். அவர்கள் படியிறங்கியதும் அன்னையார், "தம்பி, இனி இந்த வீட்டில் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும்" என்றார்.

அடுத்த பத்து நாட்களில் நமக்குக் கிடைத்த அறிவுரைகளுக்கு அளவில்லை. மிளகுத்தூள் தூவுக என்றார் ஒருவர். வீடெங்கும் தும்மல் எழுந்ததே கண்ட பயன். பாச்சை உருண்டைகளை மூலைக்கு மூலை போடுக என்றார் மற்றொருவர். நனைத்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்த்து அடிக்க வேண்டும் என்பது பலரது முடிபு. அலுவலகத்து நண்பர் ஒருவர், சாக்கில் கட்டி எடுத்துச் சென்று தொலைவிலுள்ள மீன் சந்தையில் விட்டுவிடலாம், அங்கே அது ராஜபோகமாய் வாழும் என்று தேற்றினார். வீட்டில் வளர்ந்த பூனை சந்தையில் வாழ்வதில்லை. பழகிய பூனைகளிடமும் நாய்களிடமும் கடிபட்டோ, பசித்தோ மடிவதே பெரும்பான்மை. தக்க காரணமின்றி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும். இதை அந்நண்பரிடம் கூறியபோது, பூனைக்குமா சட்டம் என்று நகைத்தார்.

மேல்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார அம்மையாரை நாம் மாசிமா என்று அழைப்போம். துர்நாற்றம் பற்றி முதலில் முறையிட வேண்டியவர் அவரே. ஆனால் சாக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் படியிறங்கி வந்துவிட்டார். "ஐயோ பாபா, அது மா ஷஷ்டியின் வாகனமல்லவா! பிள்ளை பெற்ற வீட்டில் அதற்குத் தீங்கு செய்யலாமா?" என்றார். வங்காளத்தில் ஷஷ்டி என்பவள் குழந்தைகளைக் காக்கும் தெய்வம். அவளுக்குப் பூனையே ஊர்தி. ஜ்யைஷ்ட மாதத்தில் மருமகனுக்கு விருந்திடும் ஜாமாய் ஷஷ்டியும் அவள் பெயரால் வருவதே. அவளது விரதக் கதையில், ஒரு வீட்டு இளைய மருமகள் பண்டங்களைத் தானே உண்டுவிட்டுப் பழியைப் பூனைமேல் போட்டுக்கொண்டே வருகிறாள். பழி பொறாத பூனை, அவளுக்குப் பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்று ஷஷ்டியிடம் ஒப்படைத்துவிடுகிறது. மாசிமா இதைச் சொல்லி முடித்தபோது நம் அன்னையார் ஒன்றும் பேசவில்லை. பின்னர் நாம் வேறொன்றும் கூறினோம். முருகப்பெருமானின் தேவியான தேவசேனைக்கு ஷஷ்டி என்பதும் ஒரு பெயர் என்று மகாபாரதத்து வனபருவம் கூறுகிறது. தேவசேனை நம் தெய்வயானையல்லளோ? அன்னையார் சஷ்டிதோறும் உண்ணா நோன்பு இருப்பவர். மினிக்கு ஒரு திங்கள் தவணை கிடைத்தது.

ஒரு திங்களுக்குள் காரணத்தைக் கண்டாக வேண்டும். நமக்குத் தெரிந்த வித்தை பதிவேடு எழுதுவது ஒன்றே. பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு கிழித்து, நாள், மணி, இடம், நின்றதா அமர்ந்ததா, அளவு என்று ஐந்து பத்தி வகுத்தோம். மனைவியார் நகைத்தார், ஆயினும் நாம் அலுவலகம் சென்ற வேளையில் நடந்தவற்றை அவரே குறித்து வைத்தார். மூன்று வாரம் சென்றபின் அந்நோட்டுடன் கால்நடை மருத்துவர் ஒருவரை நாடினோம். நகரின் வடபகுதியில், பெல்காச்சியாவில், 1893இல் தொடங்கிய வங்காளக் கால்நடைக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகம் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். நாம் சென்றது வீட்டருகே இருந்த சிறு மருத்துவமனைக்கு. மருத்துவர் பூனையைப் பார்க்குமுன் நோட்டைப் பார்த்தார். நான்காவது பத்தியில் விரலை வைத்து, "பாதி விடை இங்கே இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. பூனை வீட்டில் நனைப்பது இருவகைப்படும். நின்றபடியே வாலை நிமிர்த்திச் சுவர், கதவு, திரைச்சீலை போன்ற செங்குத்தான இடங்களில் சிறிதளவு பீச்சுவது ஒன்று. அது சிறுநீர் கழித்தலன்று, எல்லைக்கல் நடுதல். அமர்ந்து, தரையிலோ படுக்கையிலோ குட்டையாய் விடுவது மற்றொன்று. அதுதான் கழித்தல். முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் வேறொரு பூனை. பின்னதற்குக் காரணம் கழிப்பிடத்தின் குறை அல்லது உடலின் நோய். இரண்டிற்கும் மருந்து வெவ்வேறு. இரண்டிலும் நம்மைப் பழிவாங்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை. நனைத்து நெடுநேரம் சென்றபின் அடித்தால், எதற்காக அடிபடுகிறோம் என்பதை அது அறியாது. இவர் அடிப்பவர் என்பதை மட்டும் அறிந்து அஞ்சும். அச்சமோ அத்தொல்லையை இன்னும் வளர்க்கும்.

நம் நோட்டில் பெரும்பாலான குறிப்புகள் 'நின்று' என்றிருந்தன. இடமோ தெருப்பக்கத்துச் சன்னலும் வாயிற்கதவும், வேளையோ அந்தி. அவ்வேளையில் எதிர்ச்சுவரின்மேல் பெருத்த கடுவன் ஒன்று வந்து அமர்வதை மாசிமா நெடுநாளாக அறிவார். அத்தகையவனை இங்கே 'ஹுலோ' என்பர். கொலுப்படி அந்தச் சன்னலுக்கு நேர் கீழே கட்டப்பட்டிருந்தது. அன்றைய பழி முழுவதும் நாம் படி கட்டிய இடத்தையே சாரும்.

மருத்துவர் விதை நீக்கம் செய்துவிடச் சொன்னார். பீச்சும் கடுவன்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, அச்சிகிச்சைக்குப்பின் வழக்கத்தை விடும் அல்லது பெரிதும் குறைக்கும். ஐந்தாறு திங்களில், வழக்கம் வேரூன்றுமுன், செய்துவிடுவது சாலச் சிறந்தது. இச்செய்தி மாசிமாவுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைப்பேறு அருளும் தெய்வத்தின் வாகனத்துக்கே இந்தக் கதியா என்று வருந்தினார். "மாசிமா, நிலையத்தில் குளிரில் கிடந்ததும் ஒரு ஹுலோவின் பிள்ளைதானே?" என்றார் நம் மனைவியார். ஐப்பசியில் சிகிச்சை நடந்தது. ஒரே நாளில் மாறிவிடும் என்று எண்ண வேண்டா. உடலிலுள்ள ஊறுநீர் அடங்கச் சில வாரம் ஆகும். சன்னலின் கீழ்ப்பாதியில் தாள் ஒட்டி, ஹுலோவின் தரிசனத்தையும் மறைத்தோம். கார்த்திகை முடிவதற்குள் 'நின்று' என்ற சொல் நம் நோட்டிலிருந்து மறைந்தது.

நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்றொரு பொருள் உண்டு. புதிதாய் இருக்கையில் அதற்கு மணமில்லை. நேரம் செல்லச் செல்லச் சிதைந்து, கந்தகம் கலந்த நாற்றத்தை எழுப்பும். காக்சின் என்னும் புரதம் அதனை உண்டாக்கத் துணைசெய்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ மியாசாகியும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்டனர். விதை நீக்காத கடுவனிடம் அது மிகுதி. துடைத்தாயிற்று என்று நாம் அமைதியாய் இருக்க, கல்கத்தாவின் ஆடி மாதத்துப் புழுக்கத்தில் அது மீண்டும் தலைதூக்குவதை நேயர்கள் அறிந்திருப்பார்கள். மனிதர் மூக்குக்கு எட்டாவிடினும் பூனையின் மூக்குக்கு எட்டும். எட்டினால் அதே இடத்துக்குத் திரும்பும். ஆதலின் முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, நீர்விட்டு அலசி, பின்னர் இதற்கென்றே விற்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிட வேண்டும். அம்மோனியா சேர்ந்த திரவங்கள் கூடா; அவற்றின் வாடை பூனைக்குச் சிறுநீராகவே தோன்றும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் கொட்டினால் மூச்சடைக்கும் நச்சாவி எழும்.

இவ்விடத்தில் தாய்மார்களை வணங்கி வேண்டிக்கொள்வது ஒன்று. நம் வீடுகளில் கறுப்புப் பினாயில் இன்றித் தரை துடைப்பதில்லை. பினாயிலின் சத்தாகிய பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்த பாதத்தை அது நக்குகிறது. நஞ்சு உள்ளே போகிறது. பாச்சை உருண்டையும் அத்தகையதே. நாற்றம் போக வேண்டும் என்று செய்வது உயிரைப் போக்கிவிடக் கூடும். நம் வீட்டிலிருந்த இரண்டு புட்டிகளையும் அன்றே வெளியேற்றினோம்.

இனிக் கழிப்பிடம். பூனையின் முன்னோர் வடஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட கல்லறை ஒன்றில், மனிதர் ஒருவரின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தனர். இத்தனை ஆயிரம் ஆண்டு நம்மோடு இருந்தும், மண்ணைத் தோண்டி மூடும் வழக்கத்தை அது விடவில்லை. லேக் கார்டன்ஸில் பழைய இருமாடி வீடுகளுக்கு முற்றமும் சிறு தோட்டமும் இருந்தன. அவற்றை இடித்துப் புரமோட்டர்கள் அடுக்ககங்களை எழுப்பிவரும் இந்நாளில், மூன்றாம் மாடிப் பூனை மண்ணுக்கு எங்கே போகும்? நாம்தான் கொணர்ந்து வைக்க வேண்டும்.

அப்படி வைக்கும் வழக்கத்தை வணிகமாக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட் லோ என்பவர். 1947ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அண்டைவீட்டு அம்மையார் ஒருவர் பூனைக்காக மணல் கேட்டு வர, அவர் தம்மிடமிருந்த உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்தார். அக்களிமண், நம் பெண்டிர் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனமே. இன்று கடையில் விற்கும் மணல் பெரும்பாலும் பெண்டோனைட்டு என்னும் களிமண். ஈரம் பட்டால் கட்டியாகும். குஜராத்தின் கச்சுப் பகுதியில் அது ஏராளம். சரக்குப் பதிவேடுகளில் அப்பெயரை நாம் கண்டதுண்டு. அது பூனைக்கும் ஆகும் என்பது மினி வந்த பின்னரே தெரிந்தது.

நாம் முதலில் செய்த ஏற்பாடு குறையுடையது. துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னே, சிறிய மூடிய பெட்டியில், மல்லிகை மணமூட்டிய மணல். மணம் நமக்கு இனிமை, பூனைக்கு வெறுப்பு. இயந்திரம் சுழலத் தொடங்கினால் அது அஞ்சி ஓடும். நோட்டில் 'அமர்ந்து' என்றிருந்த சில குறிப்புகள் யாவும் துவைக்கும் நாட்களில் விழுந்தவை. மணமற்ற மணலை, திறந்த அகன்ற தட்டில், இரண்டு மூன்று விரல் உயரம் பரப்பி, சந்தடியற்ற மூலையில் வைத்தோம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு மிகுதியாக வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒன்றுக்கு இரண்டு. உணவுக் கிண்ணம் அருகே இருத்தலாகாது. நாள்தோறும் அள்ள வேண்டும். இதில் சோம்பினால் பூனை நமக்குப் பதிலாகத் துவைத்த துணிக்கூடையைத் தேர்ந்துகொள்ளும். அதைக் குறைகூற நமக்கு வாயில்லை.

மார்கழி முழுதும் அமைதி. நாம் வென்றுவிட்டோம் என்றே எண்ணினோம். நம் பிழை இனித்தான் வருகிறது.

தை பிறந்து இரண்டாம் வாரம், கடுங்குளிர். ஒரு மாலை மினி தட்டுக்குப் போவதும் வருவதுமாய் இருந்தது. போய் அமரும், நெடுநேரம் குனிந்திருக்கும், எழுந்து வந்துவிடும். பின்னர்க் குளியலறைத் தரையில் அமர்ந்தது. மகளின் மெத்தையில் அமர்ந்தது. மெத்தையில் விரல்நகத்தளவு ஈரம். "மறுபடியும் தொடங்கிவிட்டான்" என்று நாம் சினந்தோம். அது ஒருமுறை கத்தியது, வழக்கமான குரலன்று. அதையும் கருதாமல், பின்புற வராந்தாவில் விட்டுக் கதவைச் சாத்தினோம். நோட்டையும் எடுத்தோம். ஒன்பது மணிக்குள் ஆறு குறிப்பு. 'அமர்ந்து' என்று எழுதினோம். அளவுப் பத்தியில், ஆறு முறையும், 'துளி', 'இல்லை', 'இல்லை', 'துளி', 'இல்லை', 'இல்லை' என்று நம் கையாலேயே எழுதினோம். எழுதி முடித்து, உறங்கச் சென்றோம். பதினான்கு ஆண்டுகளாகப் பிறர் எழுதிய கணக்கில் பிழை காண்பதே நம் வேலை. அன்று நாமே எழுதியதை நாமே படிக்கவில்லை.

விடியற்காலையில் அன்னையார்தாம் கதவைத் திறந்தார். அது எழுந்து வரவில்லை. வாந்தி எடுத்திருந்தது, அடிவயிறு கல்லாய் இருந்தது. கூடையில் வைத்து டாக்சியில் கொண்டு ஓடினோம். கூடையை மடியில் வைத்திருந்தவர் நம் அன்னையார்.

சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. கடுவனுக்கு அக்குழாய் மிகக் குறுகியது. நுண்கற்களும் சளியும் திரண்டால் அடைபட்டுவிடும். விதை நீக்கிய கடுவனுக்கும் இது நேரும். குளிர்காலத்தில் நீர் குறைவாகக் குடிப்பதும், உலர் தீனியையே உண்பதும், வீட்டில் ஏற்படும் கலக்கமும் இந்நோய்க்குத் துணை. அடைபட்டு ஓரிரு நாள் கழிந்தால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் குருதியில் மிகுந்து இதயமே நின்றுபோகும். ஆகவே கடுவன் பூனை அடிக்கடி முயன்றும் துளியும் போகாமலிருந்தால், அல்லது துளித்துளியாய்ப் போனால், காலை வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது. முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டி நேரத்தைப் போக்கியவர்களும் உண்டு. அதே மணியில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி, அடைப்பை நீக்கினர். மூன்று நாள் அங்கே இருந்தது. அம்மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு கரைந்தது. நம் மனைவியார் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மருத்துவர் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நம்மைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

மகள் ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை.

இப்பொழுது மூன்று இடங்களில் நீர்க் கிண்ணம் இருக்கிறது. உலர் தீனியைக் குறைத்து, ஈர உணவு கொடுக்கிறோம். அதில் சிறிது நீரும் சேர்க்கிறோம். சைவ வீட்டில் மீன் புகுவதா என்ற வழக்கு ஒருநாள் எழுந்தது. மாசிமாவின் அடுக்களையில் மீன் வெந்து, தனிக் கிண்ணத்தில் படியிறங்கி வருவதாக அது தீர்ந்தது. கொலுப்படி இவ்வாண்டு எதிர்ச்சுவரின் ஓரம் கட்டப்படும். வராந்தாக் கதவை நாம் இரவில் சாத்துவதில்லை.

நோட்டு இன்னும் நடைபெறுகிறது. எழுதுவது நாம், கணக்குத் தருபவர் அன்னையார். நாலரை மணிக்கு எழுந்து, காப்பிக்கு நீர் வைக்குமுன், சிறு கரண்டியுடன் இரண்டு தட்டுகளையும் பார்க்கிறார். நாம் பல் துலக்கிக்கொண்டிருக்கையில் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "தம்பி, மூன்று கட்டி. ஒன்று பெரியது."